குழந்தைகளின் மீட்பு பற்றிய கிறித்தவ வாதங்களில் அன்பு நெறி

முன்னுரை

தன் கோள் நிறுவலும் பிறர் கோள் மறுத்தலும் எல்லாச் சமயங்களுக்கும் பொதுவான செயல்களே. ஆயினும், அவற்றைச் செய்யும் முறையிலேதான் ஒரு சமயத்தாரின் பண்பாடு வெளிப்படுகின்றது. நன்னூலார் எழுவகை மதங்களைத் தொகுத்துரைக்குமிடத்து, பிறர் மதத்தை உடன்படுதலையும் மறுத்தலையும் கூறியதோடு அமையாது, அதனை முதலில் மேற்கொண்டு பின்னர்க் களைதலையும் தனியே ஒன்றாக வைத்தார். ஒரு கோளை அதற்குரியார் நின்ற இடத்தில் நின்று கண்டு கூறிய பின்னரே அதனைக் களைதல் முறையாகும் என்பது இதனாற் பெறப்படும்.

இம்முறை எளிதில் கைகூடாத வாதங்கள் சில உள. பொருள் எத்துணை நெஞ்சை உருக்குவதாக உள்ளதோ அத்துணைக்கு மாற்றாரைக் கொடியர் என்றோ இறைநெறி பிறழ்ந்தவர் என்றோ தூற்றும் விருப்பம் மிகும். மேனாட்டுக் கிறித்தவரிடையே நூற்றாண்டுகள் பலவாக நிகழ்ந்த ஒரு வாதம் அத்தகையது. திருமுழுக்குப் பெறாமல் இறந்த குழந்தை மீட்படையுமா என்பதே அதன் பொருள். திருமுழுக்கு என ஈண்டுக் குறிக்கப்படுவது ஞானஸ்நானம் என்று வழங்கும் சடங்காம்.

இவ்வாதத்தில் எம்முடிபு சரியானது என்று தீர்ப்புக் கூறுதல் நமது நோக்கமன்று. அது சமயவாணர் கடன். வாதித்தோர் ஒருவரையொருவர் எங்ஙனம் நடத்தினர், எவ்விடத்து அன்பு நின்றது, எவ்விடத்து வழுவிற்று என்பதனையே நாம் ஈண்டு ஆராயப் புகுந்தோம். அன்பு என்பது மென்மையான கருத்தைக் கொள்வதில் இல்லை. மாற்றாரின் கருத்தை நேர்மையாக எடுத்துரைப்பதிலேயே உள்ளது என்பது இவ்வாராய்ச்சியின் முடிபாகும்.

வினாவின் தோற்றம்

இவ்வினா எழுந்ததற்குக் காரணம் மூன்று கொள்கைகள். நீரினாலும் ஆவியினாலும் பிறவாதவன் இறையரசிற் புகமாட்டான் என்னும் கருத்து யோவான் நற்செய்தியின் 3-ஆம் அதிகாரத்தில் வருகின்றது. முதல் மனிதனின் பாவம் வழிவழியாக எல்லா மக்களையும் பற்றி நிற்கின்றது என்பது பவுலடியாரின் உரோமர் நிருபத்தைக் கொண்டு வகுக்கப்பட்ட கொள்கை. இதனைச் சென்மப் பாவம் என்பர். எல்லா மனிதரும் மீட்படைய வேண்டும் என்று இறைவன் விரும்புகின்றான் என்பது தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் நிருபத்திற் காணப்படும் கொள்கை.

வளர்ந்த ஒருவனைப் பற்றி ஆராயுமிடத்து இம்மூன்றும் ஒருவாறு இயைந்து நிற்கும். அவன் விரும்பித் திருமுழுக்குப் பெறலாம், மறுக்கவும் செய்யலாம். விரும்பவும் மறுக்கவும் ஆற்றலற்ற குழந்தையிடத்தோ இவை ஒன்றோடொன்று மோதுகின்றன. ஒன்றை உறுதியாகப் பற்றுவார் மற்றொன்றைச் சிறிது நெகிழ்த்தே விடை கூறவேண்டியவராகின்றனர். கடுமையான விடை கூறினாரும் மென்மையான விடை கூறினாரும் ஒரே வேதநூலிலிருந்தே புறப்பட்டனர் என்பதனை நாம் மறத்தல் ஆகாது.

இவ்வினா ஏட்டளவில் நின்றதன்று. சுவிட்சர்லாந்தில் பெர்ன் நகரைச் சார்ந்த ஓபர்பியூரன் என்னும் ஊர்த் திருத்தலத்திற்குப் பதினைந்தாம் நூற்றாண்டில் இறந்து பிறந்த குழந்தைகளைத் தாய்தந்தையர் எடுத்துவந்தனர். கனலினிடையே வைத்துக் குழந்தையின் உடலைச் சூடேற்றுவர். இதழ்மேல் ஓர் இறகினை வைப்பர். இறகு அசையுமாயின் உயிர் மீண்டதெனக் கொண்டு உடனே திருமுழுக்கு அளித்துப் புனித நிலத்தில் அடக்குவர். கான்ஸ்டன்ஸ் ஆயர் 1486-இல் இவ்வழக்கத்தைக் கண்டித்து உரோமைக்கு எழுதினார். பெர்ன் நகரம் 1528-இல் சீர்திருத்தச் சமயத்தைத் தழுவியபின் அத்தலம் அழிந்தது. அயர்லாந்தில் திருமுழுக்குப் பெறாத குழந்தைகளைப் பொது இடுகாட்டில் அடக்காது, கில்லீன் எனப்பெறும் தனியிடங்களில் அடக்கும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டிலும் நிலவியது. புலவர் ஒருவர் எழுதிய ஒரு தொடர், ஒரு தாய் தன் மகவை எங்கே புதைப்பது என்பதனையே முடிவு செய்தது.

அகுஸ்தீனும் அவர் எதிரிகளும்

கீழைத் திருச்சபையின் தந்தையருள் ஒருவரான நசியான்சு கிரகோரியார் 381-இல் நிகழ்த்திய திருமுழுக்குச் சொற்பொழிவில், தம் குற்றமின்றித் திருமுழுக்கை இழந்த குழந்தைகள் பேரின்பமும் பெறார், தண்டனையும் பெறார் எனக் கூறியமைந்தார். மேலைத் திருச்சபையில் ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வமைதி குலைந்தது. மனிதன் தன் முயற்சியால் நன்னெறி நிற்றல் கூடும் என்றும், குழந்தைகள் ஆதாமின் பாவத்தைத் தாங்கிப் பிறக்கவில்லை என்றும் பெலாஜியுஸைச் சார்ந்தோர் கூறினர். வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ நகரின் ஆயராயிருந்த அகுஸ்தீன் அதனை மறுத்தார். குழந்தைக்குப் பாவமில்லையெனின் அதற்கு மீட்பர் எதற்கு என்பது அவர் வினா. திருமுழுக்குப் பெறாத குழந்தை தண்டனைக்கு உரியதே; எனினும் அத்தண்டனை எல்லாத் தண்டனைகளிலும் மிகமிக மெல்லியது என்பது அவர் முடிபு. 418-இல் கார்த்தேஜ் நகரிற் கூடிய சங்கமும் குழந்தைகட்குத் திருமுழுக்கு உண்மையிலேயே பாவ மன்னிப்பிற்காக அளிக்கப்படுவது என உறுதி செய்தது.

அகுஸ்தீனின் முடிபு கடுமையானது. ஆயின் அவர் நெஞ்சம் கடுமையானதன்று என்பதற்கு அவர் எழுத்துக்களே சான்று. 415-இல் ஜெரோம் என்னும் முதுபெரும் அறிஞர்க்கு உயிரின் தோற்றம் பற்றி எழுதிய மடலில், குழந்தைகளின் துன்பத்தை எண்ணுமிடத்துத் தாம் பெரிதும் இடர்ப்படுவதையும், விடைகாண மாட்டாது நிற்பதையும் மறையாது கூறினார். பெலாஜியுஸும் இவ்விடத்தில் அடக்கம் காட்டியவரே. அக்குழந்தைகள் எங்கே செல்வதில்லை என்பது தமக்குத் தெரியும், எங்கே செல்கின்றன என்பது தெரியாது என அவர் சொல்லிவந்தார். இச்செய்தியை நமக்கு உதவியவர் அவரை மறுத்த அகுஸ்தீனே ஆவர்.

இருசாராரும் இவ்வளவில் நின்றிருப்பின் நன்று. எக்லானம் நகர ஆயர் யூலியான் வாதத்திற் புகுந்தபின் நிலைமை மாறிற்று. சென்மப் பாவம் உண்டென்பவர் படைப்பையே தீயதெனக் கொள்ளும் மானிக்கேயரே என்று அவர் அகுஸ்தீனைச் சாடினார். குழந்தைகளிடமிருந்து மீட்பரைப் பறிப்பவர் இவரே என்று அகுஸ்தீன் யூலியானைச் சாடினார். மானிக்கேயக் கொள்கையை அகுஸ்தீன் வெளிப்படையாக மறுத்தவர். குழந்தைகட்குத் திருமுழுக்கு அளித்தலை யூலியானைச் சார்ந்தோர் விலக்கியவரல்லர். எனவே மாற்றார் கூறியதை மறுப்பதினின்றும் நழுவி, மாற்றார் கூற்றினின்று தாம் வருவித்துக்கொண்ட விளைவை அவர் கொள்கையாகவே ஏற்றிக் கூறும் குற்றம் இருபாலும் நேர்ந்தது. இவ்வாதம் முழுதும் பின்னும் பலகாற் காணப்படும் பிழை இதுவே.

இதற்கு மாறான நிகழ்ச்சி ஒன்றும் அகுஸ்தீன் வாழ்விலேயே உண்டு. மௌரித்தானியா நாட்டினனான வின்சென்சியுஸ் விக்டர் என்னும் இளைஞன், பேதுரு என்னும் குருவின் இல்லத்தில் அகுஸ்தீனின் நூலொன்றைக் கண்டு, அதனைக் கடிந்து இரண்டு நூல்கள் எழுதினான். திருமுழுக்குப் பெறாத குழந்தைகளும் சென்மப் பாவம் நீங்கி விண்ணின்பம் பெறலாம் என்பது அவன் கூற்றுக்களுள் ஒன்று. அந்நூல்களை ரெனாத்துஸ் என்னும் துறவி அகுஸ்தீனுக்கு அனுப்பிவைத்தார். அகுஸ்தீன் நான்கு நூல்களால் விடையிறுத்தார். முதலாவது ரெனாத்துஸுக்கும், இரண்டாவது பேதுருவுக்கும், ஏனை இரண்டும் அவ்விளைஞனுக்கும் விடுக்கப்பட்டவை. அவன் சொல்வன்மையைப் பாராட்டி, பிழையென்று தாம் கருதியவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டி, அவனைத் தாழ்த்தாது திருத்த முயன்றார். தம் நூல்களைத் தாமே மீள நோக்கி இறுதிக் காலத்தில் எழுதிய நூலில், அவ்விளைஞனை இயன்றவரை மென்மையாகவே நடத்தியதாகவும், அவன் தன் கருத்தை மாற்றிக்கொண்டு தமக்கு எழுதியதாகவும் குறித்துள்ளார்.

யூலியானுக்கு விடை கூறியவரும் விக்டருக்கு விடை கூறியவரும் ஒருவரே; கொண்ட கோளும் ஒன்றே. நடத்திய முறை வேறு. ஆதலின் கடுமையான கோள் கடுமையான வாதத்தைப் பிறப்பித்தே தீரும் என்பது பொருந்தாது.

விளிம்பு நிலமும் பட்டப் பெயரும்

இடைக்காலப் புலவர் அகுஸ்தீனின் விடையைப் படிப்படியே மென்மைப்படுத்தினர். அவர் கூறிய மெல்லிய தண்டனையாவது இறைக்காட்சியை இழத்தலேயன்றிப் பிறிதன்று எனப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் அபெலார்டு விளக்கினார். சென்மப் பாவத்திற்குரிய தண்டனை இறைக்காட்சி இன்மையே எனப் பாப்பரசர் மூன்றாம் இன்னொசென்ட் 1201-இல் எழுதினார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் மேலும் ஒருபடி சென்றார். அக்குழந்தைகள் தாம் இழந்த பேரின்பம் இன்னதென அறியா, அறியாமையின் வருந்தா, இயற்கையான இன்பத்தில் அமைந்திருக்கும் என்றார். இங்ஙனம் அமைந்த நிலையே லிம்போ எனப்பட்டது. விளிம்பு என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லினின்று பிறந்த பெயர் இது. நரகத்தின் விளிம்பில் உள்ளதெனினும் நரக வேதனை இல்லாதது என்பது கருத்து.

லிம்போவைப் பிற்காலத்தார் பலர் கொடுமையின் சின்னமாகக் கருதினர். அது தோன்றிய காலத்தில் இரக்கத்தின் பயனாகவே தோன்றியது என்பதனை அறிந்தாலன்றி அதனை வகுத்தோரை நாம் நேர்மையாக மதிப்பிடுதல் இயலாது.

பதினான்காம் நூற்றாண்டில் அகுஸ்தீன் துறவுச் சபையைச் சார்ந்த ரிமினி கிரகோரி என்பார், முன்னைத் தந்தையரின் சொற்களுக்கு நேரிய பொருள் கொள்ளின் குழந்தைகட்கு வேதனையும் உண்டென்றே கொள்ளவேண்டும் எனக் காட்டினார். அதனால் அவர்க்குக் 'குழந்தைகளை வதைப்பவர்' என்னும் பட்டம் சூட்டப்பட்டது. அவர் 1358-இல் இறந்தார், பட்டம் இறக்கவில்லை. அவர் கூறியது நூற்பொருள் பற்றிய ஆராய்ச்சி முடிபு. அதற்கு விடை வேண்டுமாயின் அகுஸ்தீனின் சொற்களுக்கு வேறு பொருள் உண்டெனக் காட்டியிருத்தல் வேண்டும். அன்றி அகுஸ்தீன் பிழைத்தார் எனக் கூறியிருத்தல் வேண்டும். பட்டப் பெயரோ இவ்விரண்டு உழைப்பையும் தவிர்த்துவிட்டது. அன்பின் பெயராலேயே அன்பு வழுவியதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

பதினாறாம் நூற்றாண்டில் இதற்கு நேர்மாறான ஒன்றைக் காண்கின்றோம். அக்வினாஸின் நூலுக்கு உரைகண்ட கர்தினால் கயத்தான், கருவிலேயே இறக்கும் நிலையிலுள்ள குழந்தைக்குத் தாய்தந்தையரின் விருப்பமும் வேண்டுதலும் திருமுழுக்கின் பயனை ஈட்டித் தரலாம் என்று எழுதினார். திரெந்துப் பொதுச்சங்கத்தில் இக்கருத்தைக் கண்டிக்கவேண்டும் என்ற பேச்சு எழுந்தது. அப்போது கயத்தானுக்காகப் பரிந்து பேசியவர் செரிபாந்தோ. அவர் கடுமைக்குப் பெயர்பெற்ற அகுஸ்தீன் துறவுச் சபையின் தலைவர். சங்கம் அக்கருத்தைக் கண்டிக்கவில்லை. பின்னர்ப் பாப்பரசர் ஐந்தாம் பயஸ் 1570-ஆம் ஆண்டு உரோமைப் பதிப்பினின்று அப்பகுதியை நீக்குவித்தாரேனும், கயத்தான் திரிபுக்கொள்கையர் எனத் தீர்ப்பிடப்படவில்லை.

சமயத் தலைமையின் நடுநிலை

கருத்து வேற்றுமையை அடக்காது, வேறுபட்டோரின் நாவை மட்டும் அடக்க முயன்ற செயல்கள் பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளிற் காணப்படுகின்றன. கர்தினால் ஸ்ஃபொந்திராத்தி 1696-இல் மறைந்தபின் அவருடைய நூலொன்று வழங்கலாயிற்று. திருமுழுக்கின்றி இறந்த குழந்தைகள் விண்ணுலகை இழந்தாலும், பாவம் செய்யாமற் காக்கப்பட்டமையாகிய பெருங்கொடையைப் பெற்றன என்று அது கூறியது. போசுவே முதலிய பிரெஞ்சு ஆயர் ஐவர் அந்நூலைக் கண்டிக்குமாறு 1697-இல் பாப்பரசரை வேண்டினர். உரோமை அதனைக் கண்டிக்கவில்லை.

மென்மையான கருத்துக்குக் காட்டப்பட்ட இப்பொறுமை கடுமையான கருத்துக்கும் காட்டப்பட்டது. கர்தினால் நோரிஸ் என்பார் பெலாஜிய வாதத்தின் வரலாற்றை எழுதியவர். குழந்தைகளின் நிலை பற்றி அகுஸ்தீனின் கடுமையான கருத்தையே தழுவியவர். ஸ்பெயின் நாட்டுச் சமய விசாரணை மன்றம் அவர் நூலைத் தடைப்பட்டியலிற் சேர்த்தது. பாப்பரசர் பதினான்காம் பெனடிக்ட் 1748-இல் அம்மன்றத் தலைவர்க்கு மடல் விடுத்து அதனை மறுத்தார். அருள் பற்றி வேறுபடும் சிந்தனை மரபினர் ஒருவரையொருவர் பழித்துக்கொண்டாலும், திருப்பீடம் எவரையும் கண்டியாதவரை அவரவர் தத்தம் கருத்தைக் கொள்ள உரிமையுடையர் என்பது அம்மடலின் சாரம்.

மூன்றாவது நிகழ்ச்சி இவற்றினும் நுட்பமானது. இத்தாலியில் பிஸ்தோயா நகரில் 1786-இல் கூடிய சங்கம் லிம்போவைப் பெலாஜியரின் கட்டுக்கதை என ஒதுக்கித் தள்ளியது. பாப்பரசர் ஆறாம் பயஸ் 1794-இல் விடுத்த ஆணையில் இக்கூற்று பொய்யானது, துணிச்சலானது, கத்தோலிக்கச் சிந்தனை மரபினர்க்கு இழுக்கு விளைப்பது எனக் கண்டிக்கப்பட்டது. லிம்போ உண்டு என்று அனைவரும் நம்பவேண்டும் என அவ்வாணை கூறவில்லை என்பது நோக்கற்பாலது. லிம்போவை மறுக்கும் உரிமை பறிக்கப்படவில்லை. அதனைக் கொண்டாரைப் பெலாஜியர் என்று அழைக்கும் உரிமையே மறுக்கப்பட்டது. பெலாஜியர் தண்டனையற்ற நடுநிலையைச் சென்மப் பாவம் இல்லை என்பதற்காகக் கூறினர். லிம்போவைக் கொண்டாரோ சென்மப் பாவத்தை ஏற்றுக்கொண்டே கூறினர். இரண்டும் ஒன்றுபோல் தோன்றுதல் பற்றி ஒன்றெனக் கூறுதல் தகாது என்பதே அத்தீர்ப்பின் உட்கிடை.

சீர்திருத்தச் சபையாரின் வாதம்

இனி, உரோமையினின்று பிரிந்த சபைகளை நோக்குவோம். 1530-இல் லுத்தரன் சபையார் வெளியிட்ட ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை, குழந்தைகள் திருமுழுக்கின்றியே மீட்படைவர் என்பாரைக் கண்டித்தது. ஆயின் லுத்தர் 1542-இல், கருச்சிதைவுற்றும் இறந்த மகவை ஈன்றும் வருந்திய பெண்களுக்கு ஆறுதலாக ஒரு சிறு நூல் எழுதினார். அத்தாயின் சொல்லொணாப் பெருமூச்சை இறைவன் வேண்டுதலாக ஏற்பான் என்பது அந்நூலின் கருத்து. அறிக்கையை மட்டும் கற்றவர் லுத்தரன் சபையாரைக் கன்னெஞ்சர் என்பர். ஆறுதல் நூலை மட்டும் கற்றவர் அறிக்கையை அறியாராவர். இரண்டையும் ஒருங்கு வைத்து நோக்குதலே ஒரு மரபினைக் கற்கும் முறை.

கால்வினியரிடையே இவ்வினா வேறு வடிவு கொண்டது. மீட்படைவோரை இறைவன் முன்னரே தெரிந்துகொண்டான் என்பது அவர் கோள். அங்ஙனமாயின் தெரிந்துகொள்ளப்படாத குழந்தைகளும் உளவோ என்னும் ஐயம் எழுந்தது. ஒல்லாந்து நாட்டின் டார்ட் நகரில் 1618-இல் தொடங்கி 1619-இல் முடிவுற்ற சங்கம், இறையச்சமுடைய பெற்றோர் குழந்தைப் பருவத்திலேயே இறந்த தம் மக்களின் மீட்புப் பற்றி ஐயுறவேண்டா எனத் தன் விதிகளுள் ஒன்றில் கூறியது. மேலும், குற்றமற்ற குழந்தைகளைத் தாயின் மார்பினின்று பிடுங்கி நரகத்தில் எறிவதாகத் தாம் கற்பிப்பதாய்க் கூறும் பழியைத் தன் முடிவுரையில் எடுத்துக்காட்டி வெறுத்தொதுக்கியது. தம் சபைகளின் நம்பிக்கையைத் தனியாசிரியர் சிலரின் கூற்றுக்களைக் கொண்டு அளத்தலாகாது என்றும், சபைகளின் பொது அறிக்கைகளைக் கொண்டே அளத்தல் வேண்டும் என்றும் வேண்டிக்கொண்டது. அதனோடு நில்லாது, தம் போதகர்களும் இப்பொருள் பற்றி எல்லை கடந்த சொற்களைத் தவிர்க்கவேண்டும் என அறிவுறுத்தியது. மாற்றாரிடம் வேண்டிய நேர்மையைத் தம்மவரிடமும் வேண்டியமை போற்றத்தக்கது.

1646-இல் முற்றுப்பெற்ற வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை, தெரிந்துகொள்ளப்பட்ட குழந்தைகள் கிறிஸ்துவால் மீட்கப்படுவர் என்னும் அளவில் நின்றது. தெரிந்துகொள்ளப்படாத குழந்தைகள் உளர் என்றோ இலர் என்றோ அது கூறவில்லை. அவ்வடைமொழி கண்டு ஒருசாரார் உளர் எனக் கொண்டனர். ஒருசாரார் அங்ஙனம் கொள்ளவேண்டுவதில்லை என்றனர்.

அமெரிக்காவில் இவ்வேற்றுமை பெரும் பூசலாயிற்று. நியூ இங்கிலாந்துப் போதகர் மைக்கேல் விகில்ஸ்வொர்த் 1662-இல் வெளியிட்ட இறுதித் தீர்ப்புப் பற்றிய காப்பியத்தில், இறந்த குழந்தைகள் இறைவன்முன் வழக்காடி, முடிவில் நரகத்தின் மிக எளிய இடத்தைப் பெறுகின்றன. அந்நூல் அக்காலத்தில் மக்கள் மிக விரும்பிப் படித்த நூல்களுள் ஒன்று. 1820-களின் பிற்பகுதியில் லைமன் பீச்சர் என்னும் புகழ்பெற்ற போதகர், குழந்தைகள் நரகம் புகுவர் எனக் கற்பித்த கால்வினியர் எவரையும் தாம் கண்டதுமில்லை, கேட்டதுமில்லை என எழுதினார். ஒருமைக் கோட்பாட்டினரான யூனிட்டேரியரின் இதழொன்று பழைய கால்வினிய நூல்களிலிருந்து சான்றுகளைத் தொகுத்து அவரை மறுத்தது. 1870-களின் தொடக்கத்தில் பிரின்ஸ்டன் பேராசிரியர் சார்லஸ் ஹாட்ஜ், குழந்தைப் பருவத்தில் இறப்பார் அனைவரும் மீட்படைவர் என்பதே சீர்திருத்தச் சபையாரின் பொதுக்கொள்கை என எழுதினார். லுத்தரன் சபை அறிஞர் சார்லஸ் கிரௌத் 1874-இல் தனிநூல் ஒன்றால் அதற்கு விடையிறுத்து, பழைய கால்வினியர் பலர் அங்ஙனம் கொண்டிலர் என்பதனை அவர்தம் நூல்களைக் கொண்டே காட்டினார்.

இவ்விடத்து இருதிறத்தார்க்கும் கடமை உண்டு. பழைய ஆசிரியர் கூறியதை இன்றைய சபையார்மேல் ஏற்றுதல் தவறு. டார்ட் சங்கம் தடுத்தது இதனையே. ஆயின் பழைய ஆசிரியர் அங்ஙனம் கூறவே இல்லை எனச் சாதித்தலும் தவறு. தம் மரபின் பழங்கூற்றை உண்டென ஒப்புக்கொண்டு, தாம் அதனை ஏற்கவில்லை எனக் கூறுதலே நேரிது. பிற்காலச் சபைகள் இவ்வழியையே மேற்கொண்டன. ஸ்காட்லாந்து ஐக்கிய பிரஸ்பிட்டேரியன் சபை 1879-இல் நிறைவேற்றிய விளக்கச் சட்டம், அறிக்கையை ஏற்பவர் குழந்தைப் பருவத்தில் இறப்போருள் எவரும் கெட்டழிவர் என்று கொள்ளவேண்டுவதில்லை எனத் தெளிவாக்கியது. அமெரிக்கப் பிரஸ்பிட்டேரியன் சபை 1903-இல் ஒருபடி மேற்சென்று, அங்ஙனம் இறப்பார் அனைவரும் தெரிந்துகொள்ளப்பட்டோரே எனத் தாம் நம்புவதாக அறிவித்தது.

அண்மைக் கால நிலை

கத்தோலிக்கத் திருச்சபையிலும் மாற்றம் நிகழ்ந்தது. 1992-இல் வெளிவந்த மறைக்கல்வி நூல், திருமுழுக்குப் பெறாது இறந்த குழந்தைகளை இறைவனின் இரக்கத்திடம் ஒப்படைப்பதாகக் கூறி, அவர்கட்கு மீட்பின் வழி உண்டென நம்ப இடமளித்தது. பெற்றோர் திருமுழுக்கு அளிக்க எண்ணியிருந்த குழந்தை அதற்குமுன் இறப்பின், ஆயரின் இசைவுடன் அதற்குத் திருச்சபையின் அடக்கச் சடங்கை நிகழ்த்தலாம் என 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் இசைந்தது.

2007-இல் அனைத்துலக இறையியல் ஆணையம், பாப்பரசர் பதினாறாம் பெனடிக்டின் இசைவோடு, இப்பொருள் பற்றி நீண்ட ஆவணம் ஒன்றை வெளியிட்டது. செய்தியிதழ்கள் பல லிம்போ ஒழிக்கப்பட்டது என எழுதின. ஆவணமோ அவ்வாறு கூறவில்லை. லிம்போக் கொள்கை இன்றும் கொள்ளத்தக்கதொரு கருத்தாகவே இருக்கின்றது என்றும், ஆயினும் அக்குழந்தைகள் மீட்படைந்து இறைக்காட்சி பெறுவர் என நம்புதற்கு வலிய காரணங்கள் உள என்றும், அவை உறுதியான அறிவைத் தருவன அல்ல, நம்பிக்கையையே தருவன என்றும் அது கூறியது. அகுஸ்தீன் முதலாகப் பலர் கூறியவற்றை வரலாற்று முறையில் விரித்து, அவரவர் எக்காரணம் பற்றி அங்ஙனம் கூறினர் என விளக்கிய பின்னரே அது தன் முடிபைக் கூறிற்று. மேற்கொண்டு களைதல் என்று நாம் தொடக்கத்திற் குறித்த முறைக்கு இது பெரிதும் ஒத்தது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று விதிகள் பெறப்படுகின்றன. மாற்றாரின் கூற்றை அவரே தம் கூற்றென ஒப்புக்கொள்ளும் வடிவில் எடுத்துரைத்தல் வேண்டும் என்பது ஒன்று. அவர் கூற்றினின்று நாம் வருவிக்கும் விளைவை, அவர் உடன்படாதவிடத்து, அவர் கொள்கையாக ஏற்றுதல் ஆகாது என்பது மற்றொன்று. சபையின் பொது அறிக்கையையும் தனியாசிரியர் கருத்தையும் பிரித்துணர்தல் வேண்டும் என்பது மூன்றாவது. இவற்றோடு, தம் மரபில் உள்ள கடுமையை மறைத்தல் ஆகாது என்பதனையும் கூட்டிக்கொள்ளலாம். பீச்சரின் மறுப்பு அவர் தரப்பினர்க்கு நன்மை செய்யவில்லை. 1879-ஆம் ஆண்டுச் சட்டமே செய்தது.

இவ்வன்பு புலவர்க்கிடையே நிகழும் மரியாதை மட்டுமன்று. ரிமினி கிரகோரிக்குப் பட்டம் சூட்டிச் சிரித்தவர், அவர் எழுப்பிய வினாவுக்கு விடை காணவில்லை. விடை காணாத வினா கீழிறங்கி, ஓபர்பியூரனில் இறகை நோக்கி நின்ற தாயிடமே சென்று சேர்ந்தது. கயத்தானின் கருத்தைக் கண்டனத்தினின்று செரிபாந்தோ காத்தமையாலும், நோரிஸின் கருத்தைப் பதினான்காம் பெனடிக்ட் காத்தமையாலும், இருவேறு கருத்துக்களும் பிற்காலத்தார் ஆராய்ச்சிக்கு எஞ்சி நின்றன. அவை எஞ்சியிராவிடின் 2007-ஆம் ஆண்டு ஆவணத்தார்க்கு எடைபோட்டுப் பார்க்கும் பொருளே இல்லாது போயிருக்கும்.

சமய வாதங்களை ஆராயப் புகும் மாணவர், இன்னார் இன்னது கூறினார் என்பதோடு நில்லாது, இன்னார் கூறியதாக இன்னார் எதனைக் கூறினார் என்பதனையும் மூலநூல்களோடு ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும். அவ்விரண்டும் ஒத்திருக்கும் இடத்தில் அன்பும் அறிவும் ஒருங்கு நிற்கக் காணலாம்.